ஒரு வாயிலும் பல பெயர்களும்: பங்கீட்டு நீதி குறித்து ஒரு நோக்கு

ஒன்று பலவாகத் தோன்றுதல் எங்ஙனம் என்னும் வினா இந்திய மெய்யியலுக்கு மிகப் பழையது. கயிறும் பாம்பும், சிப்பியும் வெள்ளியும், நீர்க்குடங்கள் பலவற்றில் தோன்றும் ஒரே ஞாயிறும் என உவமைகள் பலவற்றை அத்வைதிகள் கையாண்டனர். பலவாகத் தெரிவன தோற்ற மாத்திரமே என்பது அவர் முடிபு. உலகு உள்பொருளே எனச் சைவ சித்தாந்திகள் அதனை மறுத்தனர். இவ்வழக்கு இன்று மெய்யியல் வகுப்பறைக்கு வெளியே அதிகம் கேட்பதில்லை. ஆயினும் பல்கலைக்கழக நூலகமொன்றின் கூரையிற் பொருத்தப்பட்ட, உணவுத் தட்டளவான வெண்ணிறப் பெட்டியொன்று இவ்வழக்கைப் புதியதோர் உருவில் நாள்தோறும் நிகழ்த்திக் காட்டுகின்றது.

அப்பெட்டி கம்பியில்லா வலையமைப்பின் அணுகுவாயில். வைஃபை எனப் பெருவழக்காகிவிட்ட தொடர்பு முறையில், கைத்தொலைபேசியும் மடிக்கணினியும் இணையத்தினுட் புகும் வாயில் இதுவே. 802.11 எனும் எண்ணாற் குறிக்கப்படும் நியமம் 1997 இல் வெளியானதன் பின்னர் தொடக்க ஆண்டுகளில் ஒரு பெட்டிக்கு ஒரு பெயர் என்பதே பொதுவழக்காக இருந்தது. பின்னர் ஒரே பெட்டி, ஒரே வானொலிக் கருவி, ஒரே அலைவரிசை ஆகியவற்றைக் கொண்டே பல வலையமைப்புகள் உள்ளனபோற் காட்டும் முறை வளர்ந்தது. தொலைபேசியைத் திறக்கும் மாணவர் அதன் திரையில் மாணவர் வலையமைப்பு, ஆசிரியர் வலையமைப்பு, நிருவாக வலையமைப்பு, விருந்தினர் வலையமைப்பு என நான்கு பெயர்களைக் காண்பர். நான்கு வாயில்கள் உளவென்றே அவர் எண்ணுவர். உண்மையில் உள்ளது ஒரு வாயிலே. ஏனைய யாவும் மெய்நிகர் வாயில்கள்.

இத்தோற்றத்திற்கு ஒரு விலையுமுண்டு. ஒவ்வொரு பெயரையும் அப்பெட்டி செக்கனுக்கு ஏறக்குறையப் பத்து முறை வானலையிற் கூவி அறிவித்தல் வேண்டும். தொலைவிலுள்ள பழைய கருவிக்கும் கேட்கவேண்டுமாதலால் அவ்வறிவிப்பு மிகக் குறைந்த வேகத்திலேயே செய்யப்படும். செக்கனுக்கு 1 மெகாபிட் வேகத்தில் 250 பைட்டளவான அறிவிப்பொன்று செல்ல 2 மில்லிசெக்கன் ஆகும். அறிவிப்புக்கும் அறிவிப்புக்கும் இடையிலான காலம் ஏறக்குறைய 102 மில்லிசெக்கன். எனவே ஒரு பெயரைச் சொல்வதற்கே வானலையின் நேரத்தில் நூற்றிலிரண்டு பங்கு கழிகின்றது. பத்துப் பெயர் சூட்டினால் ஐந்திலொரு பங்கு பெயர் சொல்வதிலேயே தீரும். பட்டங்களை வாசித்து முடிப்பதற்குள் கூட்டத்தின் பாதி நேரம் போய்விடும் நம்மவர் விழாக்களை அறிந்தோர்க்கு இது வியப்பளிக்காது.

ஈண்டு ஆராயத்தக்கது இத்தொழில்நுட்பமன்று, அதனுட் பொதிந்துள்ள அறவினா. வானலை எல்லையுள்ள பொருள். ஒருவர் பேசும்போது அதே அலைவரிசையில் மற்றவர் காத்திருத்தல் வேண்டும். எல்லையுள்ள பொருளொன்றைப் பலர்க்குப் பங்கிடும்போது எது நியாயமான பங்கு என்னும் வினா எழும். அரிஸ்டோட்டில் தம் அறவியல் நூலின் ஐந்தாம் பகுதியில் பங்கீட்டு நீதி எனத் தனியே வகுத்து ஆராய்ந்தது இதனையே. சமமானவர்க்குச் சமமாக வழங்குக என்பதில் எவர்க்கும் பிணக்கில்லை. எதனைச் சமமாக்குவது என்பதிலேயே பிணக்குத் தோன்றும்.

வைஃபையின் அடிப்படை விதி ஒவ்வொரு கருவிக்கும் சமமான வாய்ப்பை அளிக்கின்றது. முறை வரும்போது ஒவ்வொன்றும் ஒரு பொதியை அனுப்பலாம். பார்வைக்கு இது குறையற்ற சமத்துவம். ஆயின் 2003 இல் பிரான்சின் கிரெனோபிள் நகர ஆய்வாளர் சிலர் இதன் விளைவொன்றை எடுத்துக்காட்டினர். வாயிலுக்கு அண்மையிலிருக்கும் ஒருவரின் கருவி செக்கனுக்கு 11 மெகாபிட் வேகத்திலும், தொலைவிலிருக்கும் மற்றொருவரின் கருவி 1 மெகாபிட் வேகத்திலும் இயங்குகின்றன எனக் கொள்ளலாம். பொதி சமமாயினும் அதனை அனுப்ப இரண்டாமவர்க்குப் பதினொரு மடங்கு நேரமாகும். ஆகவே பன்னிரண்டு பங்கு நேரத்தில் பதினொரு பங்கினை அவரே பிடித்துக்கொள்வார். ஏனைய செலவுகளை விலக்கிக் கணக்கிட்டால் இருவர்க்கும் கிடைப்பது ஏறத்தாழ 0.92 மெகாபிட். விரைந்து செல்லவல்லவரும் மெதுவாகச் செல்பவரின் நிலைக்கு இறங்கிவிடுகின்றார்.

இதற்கு மாற்றாகப் பொறியியலாளர் வேறொரு சமத்துவத்தை வகுத்தனர். வாய்ப்பைச் சமமாக்காது நேரத்தைச் சமமாக்குவது அது. அப்போது முதலாமவர்க்கு 5.5 மெகாபிட்டும் இரண்டாமவர்க்கு 0.5 மெகாபிட்டும் கிடைக்கும். மொத்தப் பயன் 1.83 இலிருந்து 6 ஆக உயரும். பயன்பாட்டுவாதி இதனை ஐயமின்றி வரவேற்பார். ஆயின் 1971 இல் ஜோன் ரோல்ஸ் வெளியிட்ட நீதிக் கோட்பாட்டின்படி, ஏற்றத்தாழ்வு கடைநிலையிலிருப்பவரின் நிலையை உயர்த்தினாலன்றி ஏற்கத்தக்கதன்று. கடைநிலையிலிருந்தவரின் பங்கோ 0.92 இலிருந்து 0.5 ஆகக் குறைந்துவிட்டது. ரோல்ஸ் சமுதாயத்தின் அடிப்படை அமைப்பைப் பற்றியே பேசினாரன்றிக் கூரைப் பெட்டிகளைப் பற்றிப் பேசவில்லை என்பது உண்மையே. ஆயினும் இரு கோட்பாடுகளும் மோதும் இடத்தை இவ்வளவு துல்லியமான எண்களாற் காட்டும் எடுத்துக்காட்டு வேறெங்கும் எளிதிற் கிட்டாது. இவ்விரு நீதிகளுக்கிடையிலான தெரிவு நடைமுறையிற் கட்டுப்பாட்டுத் திரையொன்றில் இடப்படும் ஓர் அடையாளக் குறியாக அமைந்துவிடுகின்றது. பெரும்பாலும் அதனையும் எவரும் இடுவதில்லை. தொழிற்சாலையில் அமைத்து அனுப்பியபடியே அது இருந்துவிடும்.

தொலைவிலிருப்பவர் மெதுவாகப் பேசுவது அவர் குற்றமன்று. அவர் இருக்கும் இடம் அத்தகையது. இடத்தால் விளையும் குறையை யார் சுமப்பது என்பது வேளாண்மை செய்வோர் நெடுங்காலமாக எதிர்கொண்ட வினா. பஞ்சாபின் கால்வாய்ப் பாசனத்தில் வாராபந்தி எனும் முறையொன்றுண்டு. ஒவ்வொரு வயலுக்கும் அதன் பரப்பளவுக்கேற்ப நீர் பாயும் நேரம் குறிக்கப்படும். வெறும் வாய்க்கால் நிரம்பி நீர் வயலையடைய ஆகும் நேரத்தை உரியவரின் கணக்கிற் சேர்க்காது தனியே அளித்துவிடுவர். தொலைவிற்கு ஈடு செய்யும் ஏற்பாடு அது. நேரச் சமத்துவத்தைக் கண்டறிந்த வலையமைப்புப் பொறியியல் இந்த ஈட்டினைப் பற்றி அதிகம் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

தொலைவு என்பதன் பொருளை மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையார் நன்கறிவர். எழுவான்கரை, படுவான்கரை என ஞாயிற்றை வைத்து இரு கரைகளும் பெயர் பெற்றன. கடற்புறமான கிழக்குக் கரையில் நகரும் பெருவீதியும் வைத்தியசாலைகளும் அமைய, மேற்குக் கரையில் வயலும் குளமும் காடும் அமைந்தன. அப்படுவான்கரையின் நடுநாயகமான ஊர் கொக்கட்டிச்சோலை. மண்முனை தென்மேற்குப் பிரதேச செயலகம் இங்கேயே உள்ளது. கொக்கட்டி மரத்தடியில் இலிங்கம் தானே தோன்றியது என்னும் ஐதிகத்தையுடைய தான்தோன்றீஸ்வரர் ஆலயத்தால் இவ்வூர் தமிழர்க்கு நெடுங்காலமாக அறிமுகமானது. 1987 ஆம், 1991 ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த படுகொலைகளாலேயே வெளியுலகம் இவ்வூரின் பெயரை அறிந்தது என்பதையும் சொல்லாமல் விடல் இயலாது.

அணுகுவாயில்களின் வரலாற்றில் கொக்கட்டிச்சோலைக்குத் தனி இடம் ஏதுமில்லை. எனினும் ஓர் எல்லையுள்ள பொருளைப் பலர் பங்கிட்டுக்கொண்ட அனுபவம் இவ்வூர்ச் சூழலில் ஆழமாகப் பதிந்துள்ளது. முதலாவது மண்முனைத் துறை. ஜப்பானிய உதவியுடன் கட்டப்பட்ட பாலம் 2014 இல் திறக்கப்படும் வரை வாவியைக் கடப்போர் துறையில் நின்று பாதைக்காகக் காத்திருந்தனர். வாகனமும் மிதிவண்டியும் நோயாளியும் நெல் மூடையும் ஒரே மிதவையிலேயே செல்லவேண்டியிருந்தது. நோயாளிக்கு வழிவிடுதலும் அங்கு நிகழும், அதிகாரியின் வாகனம் முந்திச் செல்லுதலும் நிகழும். முன்னதை அனைவரும் ஏற்பர். பின்னதை அனைவரும் முணுமுணுப்பர். இரண்டும் கண்முன்னே நிகழ்வன.

இரண்டாவது வாய்க்கால் நீர். மட்டக்களப்பு வயல்வெளிகளில் வட்டைவிதானையார் எனும் பதவி உண்டு. நீர் விடும் நாளும் முறையும் விவசாயிகள் கூடும் கூட்டத்திற் பேசி முடிவாகும். கடைமடைக்காரனுக்கு நீர் வாராவிடின் அவன் யாரிடம் போய்க் கேட்பது என்பதில் ஐயமில்லை. வாய்க்கால் வரம்பில் நடந்து சென்றாற் குளத்தில் நீர் வற்றியதா, கதவு அடைக்கப்பட்டதா, இடையில் எவரேனும் வரம்பை வெட்டினரா என்பதை அவன் தன் கண்ணாலேயே காணலாம்.

மூன்றாவது ஆலயம். மட்டக்களப்பின் பெருங்கோயில்களிற் குடிமுறை நிலவுகின்றது. காலிங்கா குடி, உலகிப்போடி குடி, படையாண்ட குடி என வழங்கும் தாய்வழிக் குடிகள் திருவிழா நாள்களைத் தமக்குட் பங்கிட்டுக்கொள்ளும். வண்ணக்கர் எனப்படுவோர் கருமங்களைப் பார்ப்பர். கோயில் ஒன்றே. இன்று இக்குடியின் திருவிழா, நாளை அக்குடியின் திருவிழா. தத்தம் நாளில் ஒவ்வொரு குடிக்கும் அது தன் கோயிலாகவே தோன்றும். ஒரு வானொலிக் கருவியைப் பல பெயர்களுக்குக் காலத்துணுக்குகளாகப் பங்கிடும் முறைக்கு இதனினும் பொருத்தமான ஒப்புமை காண்டல் அரிது.

இவ்வொப்புமையை அளவுக்கு மீறிப் போற்றுவதும் தவறாகும். குடிகளின் பெயர் சொல்லி மரியாதை வழங்கப்பட்ட அவ்வரிசையில் இடம்பெறாதோர் இருந்தனர். தொழும்பு மட்டும் விதிக்கப்பட்டு உரிமை மறுக்கப்பட்ட சிறைக்குடிகளை மட்டக்களப்பு வரலாறு அறியும். வாய்க்காற் கூட்டத்திலும் நிலமுடைய போடியாரின் சொல்லும் வயற்கூலியாளின் சொல்லும் ஒன்றாக மதிக்கப்பட்டதில்லை. ஆகவே பங்கீடு வெளிப்படையாக நிகழ்வதனாலேயே அது நீதியாகிவிடாது. ஆயின் வெளிப்படையான அநீதிக்கு ஓர் இயல்பு உண்டு. அது தன்னை அநீதியென்று சுட்டிக்காட்டும் விரலுக்கு இடங்கொடுக்கின்றது. ஈழத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டங்கள் எழுந்ததற்குக் காரணம் தடுப்பவன் வாசலில் நின்றமையே.

மெய்நிகர் வாயிலில் தடுப்பவன் நிற்பதில்லை. இதுவே இக்கட்டுரையின் மையமான கருத்து. ஒரு கூரைப் பெட்டியின் நான்கு பெயர்களுக்கும் நான்கு வெவ்வேறு பங்குகளை விதிக்கலாம். ஆசிரியர்க்கு முன்னுரிமை, விருந்தினர்க்கு வேக வரம்பு, விடுதி மாணவர்க்கு இரவில் குறைந்த பங்கு என எதனையும் விதிக்கலாம். அவ்விதி நடைமுறைக்கு வரும்போது மாணவர் காண்பது விதியையன்று, மெல்ல நகரும் பக்கத்தையே. மழை பெய்கின்றது, சுவர் தடிப்பானது, கூட்டம் அதிகம், தொலைபேசி பழையது என அவர் தமக்குத் தாமே காரணம் கற்பித்துக்கொள்வர். விதிக்கப்பட்ட குறை இயற்கைக் குறைபோலத் தோற்றுகின்றது. கயிற்றைப் பாம்பென மயங்குதல் அறிவின் பிழை. ஒருவர் இட்ட கட்டளையை இயற்கையென மயங்குதலோ வெறும் அறிவின் பிழையன்று. அம்மயக்கத்தாற் பயன் பெறுவோர் உளர்.

இது வெறுங் கற்பனையன்று. அமெரிக்காவின் கொம்காஸ்ட் நிறுவனம் 2007 இல் தன் வாடிக்கையாளர் சிலரின் கோப்புப் பகிர்வை இடைமறித்தது. அதற்கு அது கையாண்ட வழி நோக்கற்பாலது. இணைப்பைத் தடை செய்துள்ளோம் என அது அறிவிக்கவில்லை. மறுமுனையே தொடர்பைத் துண்டித்ததுபோன்ற பொய்ப் பொதிகளை இரு பக்கத்துக்கும் அனுப்பியது. பயன்படுத்தியோர் தொடர்பு தானாகவே அறுந்தது என எண்ணினர். வலையமைப்பு நுட்பமறிந்த ஒருவர் பொதிகளை நுணுகி ஆராய்ந்தபோதே உண்மை வெளிப்பட்டது. அமெரிக்கத் தொடர்பாடல் ஆணைக்குழு 2008 இல் இச்செயலைக் கண்டித்தது. ஆணைக்குழுவுக்கு அவ்வதிகாரம் இல்லையென 2010 இல் நீதிமன்றம் கூறியது வேறு கதை.

இதனோடு இலங்கையில் நிகழ்ந்த வேறொரு வகைத் தடையை ஒப்பிடுதல் தகும். 2018 மார்ச்சில் கண்டி மாவட்ட வன்முறைகளின்போதும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயமும் இலக்கான 2019 ஏப்ரல் தாக்குதல்களின் பின்னரும், 2022 ஏப்ரல் 3 ஆம் நாளிலும் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. அவை பாரதூரமான தடைகள். ஆயினும் அவை தடைகள் என்பதை நாடே அறிந்தது. அறிந்தமையால் எதிர்ப்பும் எழுந்தது, மூன்றாவது தடை ஒரு நாளுக்குள் நீங்கவும் செய்தது. எல்லோர்க்கும் ஒருசேர மூடப்படும் கதவு ஓசையின்றி மூடாது. ஒரு சிலர்க்கு மட்டும் சிறிது சிறிதாக ஒடுங்கும் வாயிலுக்கு ஓசையில்லை. படுவான்கரை மக்கள் போர்க்காலத்தில் இவ்வேறுபாட்டை உணர்ந்தோர். எரிபொருளும் மின்கலமும் உரமும் வாவியைக் கடப்பதற்குக் கட்டுப்பாடுகள் இருந்த காலத்தில், கடையில் மின்கலம் இல்லாமை இயற்கையாற் பிறந்ததென அங்கு எவரும் கருதியதில்லை. சோதனைச் சாவடி எங்குள்ளது என்பதைச் சிறுவரும் அறிந்திருந்தனர்.

இன்றைய வாயில்களின் கட்டளைப்பீடம் எங்குள்ளது? தொடக்கத்திற் பெட்டி ஒவ்வொன்றும் தன்னறிவுடையதாக இருந்தது. பின்னர் பல பெட்டிகளை ஒரே கட்டுப்படுத்தியின் கீழ்க் கொணர்ந்தனர். கட்டுப்படுத்தியும் பெட்டிகளும் பேசிக்கொள்வதற்கான பொது நெறியொன்று 2009 இல் நியமமாக வெளியிடப்பட்டது. அதன்பின் கட்டுப்படுத்தியே மென்பொருளாகி, வாடகைக்குப் பெறும் தொலைதூரக் கணினியொன்றில் குடிபுகுந்தது. ஆகவே ஒரு கல்லூரிச் சுவரிலுள்ள பெட்டி வேறொரு நாட்டிலிருந்து கட்டளை பெறுதல் இன்று இயல்பானது. உரிமக் கட்டணம் தவறினால் இயங்காது நின்றுவிடும் பெட்டிகளும் உள. வாயில் மெய்நிகரானது போலவே வாயில் காப்போனும் மெய்நிகராகிவிட்டான். வட்டைவிதானையாரைத் தேடிச் செல்லும் கடைமடைக்காரனுக்கு வரம்பு வழி உண்டு. இவனைத் தேடிச் செல்ல வரம்பு ஏது?

பொறியியலாளர் இதற்கு விடை கூறாமலில்லை. வானலை நொடிக்கு நொடி மாறுவது, நுண்ணிய விதிகளை எல்லோர்க்கும் விளக்குதல் இயலாது, விளக்கினால் விதியை ஏமாற்றும் வழியைச் சிலர் கண்டுகொள்வர் என்பர். ஏற்றத்தாழ்வு யாவும் அநீதியல்ல என்பதும் அவர் வாதம். இவ்வாதத்தில் வலுவுண்டு. 2005 இல் வெளியான நியமத் திருத்தமொன்று குரலுக்கும் காட்சிக்கும் ஏனையவற்றினும் முன்னுரிமை அளித்தது. மின்னஞ்சல் அரைச் செக்கன் தாமதித்தால் எவர்க்கும் கேடில்லை. பேச்சு அரைச் செக்கன் தாமதித்தால் உரையாடலே குலைந்துவிடும். துறையில் நோயாளிக்கு வழிவிடுவதை ஒத்தது இது.

எந்த ஏற்றத்தாழ்வு தகும், எது தகாது எனப் பிரித்தறிய இமானுவேல் காண்ட் ஓர் உரைகல்லைத் தந்துள்ளார். 1795 இல் நிலையான சமாதானம் பற்றி எழுதிய நூலின் பின்னிணைப்பில், பிறர் உரிமையைத் தொடும் செயலொன்றின் விதி வெளியிற் சொல்லப்பட்டால் அதன் நோக்கமே முறிந்துவிடுமாயின் அச்செயல் நீதியற்றது என்னும் கருத்தை அவர் முன்வைத்தார். குரலுக்கு முன்னுரிமை என்னும் விதியை நூலக வாசலில் எழுதி ஒட்டலாம், எவரும் எதிரார். விடுதிக்கு இரவிற் குறைந்த பங்கு என்பதை எழுதி ஒட்டினால் விவாதம் எழும், செலவுக் கணக்கைக் காட்டினால் அது ஏற்கப்படவுங் கூடும். கொம்காஸ்ட் செய்ததையோ எழுதி ஒட்டல் இயலாது. மறைந்திருந்தாலன்றி அது பயன்படாது. கடவுச்சொல்லை மறைத்தல் வேறு, பங்கிடும் விதியை மறைத்தல் வேறு என்பதும் இவ்வுரைகல்லில் உரைத்தால் விளங்கும்.

மெய்நிகராக்கம் தன்னளவிற் குற்றமுடையதன்று என்பதற்குப் பல்கலைக்கழகத்தார் அறிந்த சான்றொன்று உண்டு. 2002 இல் நெதர்லாந்தின் கிளாஸ் வீரெங்கா முன்வைத்த யோசனையிலிருந்து எடுரோம் எனும் ஏற்பாடு பிறந்தது. இலங்கையில் உயர்கல்வி நிறுவனங்களுக்கான லேர்ன் வலையமைப்பு இதனை நடத்துகின்றது. இங்கே ஒரு வாயிலுக்குப் பல பெயரன்று, உலகெங்கும் பல்லாயிரம் வாயில்களுக்கு ஒரே பெயர். வேற்றூர்ப் பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் மாணவரின் அடையாளத்தை அவருடைய தாய் நிறுவனமே உறுதி செய்யும். விருந்தளிக்கும் நிறுவனம் அவர் கடவுச்சொல்லைக் காண்பதில்லை. உன் மாணவரை நான் வரவேற்பேன், என் மாணவரை நீ வரவேற்பாய் என்னும் பரிமாற்றமே இதன் அடிப்படை. உறுப்பு நிறுவனங்களின் கடமைகள் எழுத்தில் உள்ளன, எவரும் படிக்கலாம். காண்டின் உரைகல்லுக்கு இது அஞ்சவேண்டியதில்லை.

ஏனைய வாயில்களும் அவ்வாறு பேச முடியுமா என்பது எஞ்சும் வினா. முன்னர் குறிப்பிட்ட, செக்கனுக்குப் பத்து முறை கூவப்படும் அறிவிப்பை இவ்விடத்தில் மீண்டும் நோக்குதல் வேண்டும். அதில் வெறும் பெயர் மட்டுமன்றி வேறு செய்திகளுக்கும் இடமுண்டு. வாயிலில் எத்தனை கருவிகள் இணைந்துள்ளன, அலைவரிசை எவ்வளவு நேரம் நெரிசலாக உள்ளது என்பவற்றைச் சொல்லும் பகுதியொன்றை மேற்கூறிய 2005 ஆம் ஆண்டுத் திருத்தமே வகுத்தது. கூட்டம் எவ்வளவு என்பதைக் கூறும் அப்பகுதியில், கூடியவர்க்கு எவ்விதியின்படி பங்கு அளக்கப்படுகின்றது என்பதைக் கூற இடம் வகுக்கப்படவில்லை. சொல்லப்படும் அச்சிறு செய்தியையும் கைத்தொலைபேசிகள் பொதுவாகத் தம்முள்ளேயே வைத்துக்கொள்கின்றன. மாணவரின் திரையில் தெரிவது அலையின் வலிமையைக் காட்டும் சில வளைகோடுகளே. வேக வரம்பு விதிக்கப்பட்ட பெயரிலும் அவ்வளைகோடுகள் முழுமையாகவே ஒளிரும்.